தினைப்புனத்திலிருந்து சிப்காட் வரை: ஆங்கிலக் காதல் நாடகங்களும் நம் மேடையும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் திருத்தணி, வடகிழக்குக் கோடியில் கும்மிடிப்பூண்டி. முருகன் வள்ளியைக் கூட்டிவந்து குடியிருந்த மலை என்பது முதல் ஊரின் பெருமை. இரண்டாவது ஊரைச் சொன்னால் நினைவுக்கு வருவது சிப்காட், ரோலிங் மில்கள், காலையும் மாலையும் நிரம்பி வழியும் புறநகர் ரயில். காதலையும் கல்யாணத்தையும் பற்றிய ஆங்கில மேடை நாடகங்களைத் தமிழில் வைத்துப் பேசுவதற்கு இந்த இரண்டு ஊர்களையும்விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அந்த நாடகங்களின் வேருக்கு நிகரான ஒன்று திருத்தணியில் இருக்கிறது. அவை நடப்பதற்குத் தேவையான மனுஷி இன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறாள். இடையில் நூற்றிருபது, நூற்றிமுப்பது ஆண்டுகள் தமிழ் மேடை அவளுக்காகக் காத்திருந்தது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் வள்ளி கதையை வெறும் நாடகமாகப் பார்ப்போம். தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் கிளி ஓட்டும் பெண்ணிடம் ஒருவன் வேடனாக வருகிறான். பேச்சுக் கொடுக்கிறான், அவள் மடக்குகிறாள். தகப்பன் நம்பிராசன் வரும் சத்தம் கேட்டதும் வேங்கை மரமாக நின்றுவிடுகிறான். அடுத்து கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிறான். அண்ணனை யானையாக வரவழைத்து அவளைப் பயமுறுத்துகிறான். தோழி துணை நிற்க, இரவோடு இரவாக இருவரும் ஊரைவிட்டுப் போகிறார்கள். வேடர்கள் துரத்துகிறார்கள், மாள்கிறார்கள், உயிர்த்து எழுகிறார்கள். கடைசியில் தகப்பனே கைப்பிடித்துக் கொடுக்கிறான்.

மாறுவேடம், சொற்போர், குறுக்கே நிற்கும் தகப்பன், உடன்போக்கு, ஊரறியக் கல்யாணம். ஷேக்ஸ்பியர் முதல் ஆஸ்கார் வைல்ட் வரை ஆங்கில இன்பியல் நாடகத்தின் எலும்புக்கட்டு இதுதான். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தின் இறுதிப் படலமாக இதை வைத்தார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இதை மேடை நாடகமாக்கியபோது, வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கமே நாடகத்தின் உயிராயிற்று. ஸ்பெஷல் நாடக நடிகர்கள் அந்தத் தர்க்கத்தை விடிய விடிய நீட்டுவார்கள். எழுதிவைத்த வசனம் தீர்ந்த பிறகு சொந்தச் சரக்கு வரும். எதிராளி மடங்கினால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஷேக்ஸ்பியரின் ‘மச் அடூ அபௌட் நத்திங்’ நாடகத்தில் பியாட்ரிஸும் பெனடிக்கும் ஒருவரையொருவர் சொல்லால் குத்திக்கொண்டே காதலில் விழுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தினைப்புனம்தான் நினைவுக்கு வருகிறது.

இந்த அமைப்புக்கு நம்மிடம் இலக்கணமும் உண்டு. தொல்காப்பியம் களவியல், கற்பியல் என்று இரண்டு இயல்களை அடுத்தடுத்து வைக்கிறது. ஊரறியாத காதல் களவு; ஊரறிந்த இல்லறம் கற்பு. மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக நகை நிற்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அதன் பிறப்பிடங்கள். இளமையைச் சிரிப்பின் ஊற்றாகச் சொன்ன அந்தக் கண்ணைப் பாருங்கள். ஆங்கில இன்பியல் நாடகத்தைத் தமிழில் ஒரே வரியில் விளக்கச் சொன்னால், களவு கற்பாக மாறும் வழியில் இளமையும் மடமையும் மோதிக்கொள்ளும் கதை என்பேன்.

அந்த வழியில் இங்கிலாந்தில் எவை குறுக்கே நின்றன என்று பார்த்தால், நாடகத்துக்குப் பின்னால் சட்டப் புத்தகம் தெரியும். 1753இல் ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் வந்தது. தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மணமக்களின் பெயரை உரக்க வாசித்து அறிவிக்க வேண்டும், இல்லையேல் உரிமம் பெற வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள் உரிமம் பெற்று மணப்பதென்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம். ஸ்காட்லாந்துக்கு இந்தச் சட்டம் செல்லாது. அதனால் எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர் ஓடிப்போகிறவர்களின் திருத்தலமாயிற்று. 1775இல் மேடையேறிய ஷெரிடனின் ‘தி ரைவல்ஸ்’ இந்தச் சட்டத்தின் நிழலில் பிறந்தது. அதன் நாயகி லிடியாவுக்கு நாவல் படித்துப் படித்து ஓடிப்போக ஆசை. அத்தையின் சம்மதமில்லாமல் மணந்தால் சொத்தில் பெரும்பகுதி போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். போனால் போகட்டும், அதுதான் உண்மைக் காதல் என்கிறாள். பணக்காரக் காதலன் அவளுக்காக ஏழை வேடம் போட வேண்டியிருக்கிறது. ஷெரிடன் இதைக் கற்பனையில் மட்டும் எழுதவில்லை. 1772இல் பாத் நகரத்துப் பாடகி எலிசபெத் லின்லியோடு பிரான்சுக்கு ஓடிப்போனவர் அவர்.

1773இல் வந்த கோல்ட்ஸ்மித்தின் ‘ஷீ ஸ்டூப்ஸ் டு காங்கர்’ இன்னொரு திருகு. உயர்குலப் பெண்கள் முன்னால் வாய் திறக்க முடியாத மார்லோ, விடுதிப் பணிப்பெண்களிடம் மட்டும் சரளமாகப் பேசுவான். அவனுக்குப் பேசிவைத்த பெண் கேட் ஹார்ட்காஸ்டில், தானே பணிப்பெண்ணாக நடித்து அவனைப் பேசவைக்கிறாள். மாப்பிள்ளையைத் தகப்பன் தேர்ந்தெடுக்கிறான். ஆனால் அவன் உண்மையில் எப்படிப்பட்டவன் என்று பரிசோதிப்பது மகள்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1700இல், காங்க்ரீவ் ‘தி வே ஆஃப் தி வேர்ல்ட்’ எழுதிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதில்தான் இருக்கிறது. மில்லமென்ட் தன்னை மணக்க விரும்பும் மிரபெல்லிடம் நிபந்தனைகளை அடுக்குகிறாள். காலையில் இஷ்டம்போல் எழுவேன். பிறர் முன்னால் என்னைக் கொஞ்சல் பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது. எனக்கு வரும் கடிதங்களைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது. உன் உறவினர் என்பதற்காகப் பிடிக்காதவர்களோடு நான் பேச வேண்டியதில்லை. என் அறைக்குள் வருமுன் கதவைத் தட்ட வேண்டும். இத்தனைக்கும் ஒப்புக்கொண்டால் மெல்ல மெல்லச் சுருங்கி ஒரு மனைவியாகிவிடக் கூடும் என்கிறாள். அவனும் தன் நிபந்தனைகளைச் சொல்கிறான். சிரிப்பு முழுக்கப் பேரத்தில் இருக்கிறது. பேரம் முழுக்க மரியாதையில் இருக்கிறது. மணமான பெண்ணுக்குத் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையை இங்கிலாந்து முழுமையாகத் தந்தது 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அதற்கு நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் மேடையில் உட்கார்ந்து தன் கல்யாணத்தின் ஷரத்துகளைச் சொல்லிவிட்டாள்.

ஆஸ்கார் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ 1895 பிப்ரவரி 14 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் மேடையேறியது. அதில் பெண்ணின் தாய் லேடி பிராக்னெல் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து மாப்பிள்ளையை விசாரிக்கும் காட்சியை எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் விளக்கத் தேவையில்லை. வயது என்ன, வருமானம் எவ்வளவு, வீடு எந்தப் பக்கம், தாய் தகப்பன் யார். இருபத்தொன்பது வயதும் நல்ல வருமானமும் உள்ள அந்த மாப்பிள்ளை, குழந்தையாக விக்டோரியா ரயில் நிலையத்தில் ஒரு கைப்பையில் கண்டெடுக்கப்பட்டவன் என்றதும் பேச்சு முறிகிறது. குலம் தெரியாதவனுக்குப் பெண் கொடுப்பதா என்ற கேள்வி லண்டனுக்கும் புதிதில்லை.

இனி சென்னைக்கு வருவோம். 1891 ஜூலை 1 அன்று பதினெட்டு வயது இளைஞரான பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். பெல்லாரி கிருஷ்ணமாசார்லுவின் தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்து ஆடியதைப் பார்த்த பாதிப்பு அது. படித்தவர்களும் வக்கீல்களும் மேடையேறுவது இழிவில்லை என்று நிலைநாட்டியது அந்தச் சபை. சம்பந்த முதலியாரே வக்கீலாக இருந்து பின்னர் ஸ்மால் காஸஸ் கோர்ட் நீதிபதி ஆனவர். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதி 1964இல் மறைந்தார். ஷேக்ஸ்பியரை அவர் தமிழாக்கிய விதம் தனி. ‘ஹாம்லெட்’ அமலாதித்யன் ஆனான், ‘மாக்பெத்’ மகபதி ஆனான், ‘சிம்பலின்’ சிம்ஹளநாதன், ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ வாணீபுர வணிகன், ‘ஆஸ் யூ லைக் இட்’ விரும்பிய விதமே. ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகமும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ‘நடுவேனிற் கனவு’ என்று தமிழுக்கு வந்துவிட்டது.

இந்தத் தழுவல்களில் காதல் எங்கே நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். அரண்மனையில், காட்டில், பெயர் தெரியாத தேசத்தில். மயிலாப்பூர் வீட்டுத் திண்ணையில் நடக்கவில்லை. காதலுக்கு இளவரசி தேவைப்பட்டாள். ஷேக்ஸ்பியரின் ஆர்டன் காடு எளிதாகத் தமிழ் பேசியது. ஷெரிடனின் வரவேற்பறையும் காங்க்ரீவின் தேநீர் மேசையும் அந்த அளவுக்கு இங்கே வேரூன்றவில்லை. சமூகத்தைப் பார்த்து எழுதும்போது சம்பந்த முதலியாருக்கு நகைச்சுவை ஏராளமாக வந்தது. ‘சபாபதி’ அதற்குச் சாட்சி. 1941இல் ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் இயக்கி, டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் நடித்து அது படமாக வந்தது. இன்று பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. ஆனால் அங்கே சிரிப்பு முதலாளிக்கும் வேலைக்காரனுக்கும் இடையில்தான் இருக்கிறது. கல்யாணம் பெரியவர்கள் ஏற்பாட்டில் நடுவழியில் வந்து நடந்து முடிகிறது. காதலித்துக் கைப்பிடிப்பது கதையின் முடிச்சு ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை? எழுத்தாளரின் திறமைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. சபை பிறந்த அதே 1891ஆம் ஆண்டில்தான் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் கடும் எதிர்ப்புக்கிடையே நிறைவேறியது. பெண்ணுக்கு மணவயது பதினான்கு என்ற சாரதா சட்டம் 1929இல். பன்னிரண்டு வயதுக்குள் தாலி ஏறிவிடும் உயர்சாதி நடுத்தர வீடுகளில் மில்லமென்ட் எங்கிருந்து வருவாள்? கல்யாணமாகாத, விவரம் தெரிந்த, கையில் கொஞ்சம் பணமும் வாயில் பேச்சும் உள்ள பெண் இருந்தால்தான் காதல் பேரம் நடக்கும். அவள் வீட்டில் இல்லாதபோது மேடையில் மட்டும் எப்படி இருப்பாள்? சபையின் மேடையில் பெண் உடம்பே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சபையின் நாயகிகளாக நடித்தவர்கள் ஆண்கள். அவர்களில் தலைசிறந்தவரான சி. ரங்கவடிவேலுவும் ஒரு வக்கீல். இங்கிலாந்திலும் 1660 வரை நிலை அதுதான். ‘ஆஸ் யூ லைக் இட்’ நாயகி ரோசலிண்டாக நடித்தவன் குரல் உடையாத சிறுவன்.

கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் இன்றும் தெலுங்கு பேச்சுமொழி. அதனால் ஒரு தெலுங்கு நாடகத்தை இங்கே அந்நியமாக ஒதுக்க முடியாது. அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில் இருந்த விஜயநகரத்தில் 1892இல் மேடையேறி, 1897இல் அச்சேறிய குரஜாட அப்பாராவின் ‘கன்யாசுல்கம்’தான் அது. சிறுமிகளைப் பணம் வாங்கிக்கொண்டு கிழவர்களுக்குக் கட்டிவைக்கும் வழக்கத்தைப் பற்றிய நகைச்சுவை நாடகம். முன்னுரையில் குரஜாட ஒரு கணக்குத் தருகிறார். விஜயநகரம் மகாராஜா எடுக்கச் சொன்ன பட்டியலின்படி, விசாகப்பட்டினம் மாவட்டத்தில் மூன்றே ஆண்டுகளில் 1034 இத்தகைய கல்யாணங்கள். அவற்றில் 99 பெண்களுக்கு வயது ஐந்து. இப்படிப்பட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சிரிக்கவைக்கும் நாடகம் எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மரியாதை கூடுகிறது.

அதில் கிழவன் லுப்தாவதானிக்கு ஒரு பையனைப் பெண்வேடமிட்டுக் கட்டிவைக்கிறார்கள். 1609இல் பென் ஜான்சன் எழுதிய ‘எபிசீன்’ நாடகத்தின் முடிச்சும் இதேதான்; மணந்த பெண் கடைசியில் பையன் என்று தெரியவருகிறது. குரஜாட ஆங்கில இலக்கியத்தில் தோய்ந்தவர் என்றாலும் ஒன்று மற்றொன்றின் நகல் என்று சொல்லத் தேவையில்லை. கிழ மாப்பிள்ளை இருக்கும் இடத்திலெல்லாம் இந்தச் சிரிப்பு முளைக்கும். நான் கவனிக்கச் சொல்வது வேறு. ‘கன்யாசுல்கம்’ நாடகத்தில் ஆண்களோடு சரிக்குச் சரி பேசி, பேரம் பேசி, கதையையே திருப்புகிறவள் மதுரவாணி. அவள் தாசி. குடும்பப் பெண்கள் யாருக்கும் அந்த வாய் இல்லை. மில்லமென்டின் நாக்கைக் குரஜாட யாரிடம் கொடுக்க முடிந்தது? கல்யாணச் சந்தைக்கு வெளியே நின்ற ஒருத்தியிடம் மட்டும்.

அடுத்த அரை நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1914இல் ராணி மேரி கல்லூரி வந்தது. மணவயது உயர்ந்தது. மேடைக்கும் திரைக்கும் பெண்கள் வந்தார்கள். அப்போதாவது பியாட்ரிஸும் மில்லமென்டும் தமிழ் பேசினார்களா? தமிழ் சினிமா ஆங்கில இன்பியல் நாடகங்களுக்குள் போய்த் திரும்பத் திரும்ப எடுத்துவந்தது ஒன்றைத்தான்: ‘தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’. அடங்காத பெண்ணைக் கணவன் அடக்கும் கதை. 1963இல் ‘அறிவாளி’, சிவாஜியும் பானுமதியும். 1972இல் ‘பட்டிக்காடா பட்டணமா’, சிவாஜியும் ஜெயலலிதாவும். இரண்டும் அந்தத் தடத்தில் நடந்தவை. ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்களில் கதையின் சூடு கல்யாணத்துக்குப் பிறகு ஏறும் நாடகம் அது. கல்யாணத்தைத் தொடக்கமாகவே பார்த்துப் பழகிய நம் கதைமரபுக்கு அது சட்டென்று பொருந்தியது. அல்லியரசாணி கதை முன்பே மேடையில் இருந்தது. ஆண்களை அண்டவிடாத ராணி தூங்கும்போது அர்ஜுனன் தாலி கட்டிவிடுவான். தூங்கும் பெண்ணின் கழுத்தில் கட்டிய தாலியைக் கொண்டாடிய மேடைக்கு, விழித்திருந்து ஷரத்துப் பேசும் பெண் எரிச்சலூட்டியிருப்பாள்.

ஒரு செழித்த இலக்கிய வகையிலிருந்து அதன் மிகப் பழைய, மிகக் கரடுமுரடான பகுதியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். பேரம் பேசும் பெண்ணை விட்டுவிட்டு, அடங்கும் பெண்ணைக் கொண்டுவந்தோம். அந்தப் படங்களின் நடிப்பையும் வசனத்தையும் ரசித்தவன் என்றாலும், இதை இழப்பு என்றே சொல்வேன்.

இப்போது கும்மிடிப்பூண்டி. சிப்காட்டில், தேர்வாய்கண்டிகையில், திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையில், கம்பெனி பஸ்ஸிலும் புறநகர் ரயிலிலும் வந்து இறங்கும் பெண்களைப் பாருங்கள். இருபதுக்கு மேல் வயது. டிப்ளமோவோ டிகிரியோ கையில். சம்பளம் அவரவர் வங்கிக் கணக்கில் விழுகிறது. வெளியூர்ப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகை அறை எடுத்துத் தங்குகிறார்கள். அவர்களில் ஒருத்தி தம்பியின் படிப்புக்கும் தன் கல்யாணச் செலவுக்கும் தானே சேர்க்கிறாள். வீட்டில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் போனில் வேறு ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகலாமா, நைட் ஷிப்ட் வந்தால் மாமியார் என்ன சொல்வார், சம்பளம் யார் கையில், போன் பாஸ்வேர்டு தர வேண்டுமா. இவற்றை அவள் அவனிடம் நேராகக் கேட்கிறாள். மில்லமென்டின் காட்சி முந்நூறு ஆண்டு கழித்துப் பொன்னேரி பிளாட்பாரத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

தடைகளுக்கும் குறைவில்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணப்பதானால் முப்பது நாள் அறிவிப்பு. பெயரும் விவரமும் அலுவலகப் பலகையில் தொங்கும். ஹார்ட்விக் சட்டத்தின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நெருங்கிய உறவு இது. சீர்திருத்தத் திருமணத்துக்குத் தமிழ்நாடு 1967இல் சட்டத் திருத்தம் செய்தது. அதனால் புரோகிதர் இல்லாமல், உற்றாரும் நண்பர்களும் கூடியிருக்க, மாலை மாற்றி மணக்கலாம். சட்டம் வழிவிட்டாலும் வீடு வழிவிட வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள், தெலுங்குக் குடும்பங்கள், கும்மிடிப்பூண்டி முகாமின் ஈழத்தமிழர்கள், சுற்றுக் கிராமத்து ஊரும் சேரியும் என்று ஒரே நிறுத்தத்தில் இறங்கும் இளைஞர்களுக்கிடையே எத்தனை கோடுகள் ஓடுகின்றன!

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 2016இல் உடுமலைப்பேட்டையில் சாதி கடந்து மணந்ததற்காக ஓர் இளைஞனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அப்படிப்பட்ட நாட்டில் காதலைப் பற்றிச் சிரிப்பு நாடகம் எழுதுவது தகுமா? தகும் என்றே நினைக்கிறேன். ‘நடுவேனிற் கனவு’ எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். நான் சொன்னவனை மணக்காவிட்டால் இவளுக்கு மரணதண்டனை வேண்டும் என்று தகப்பன் ஏஜியஸ் மன்னனிடம் வழக்காடுகிறான். மகளைக் கொல்லத் துணிந்த தகப்பனோடு தொடங்கி, அவனை ஒதுக்கிவிட்டுக் கல்யாணத்தில் முடிகிறது அந்த நாடகம். சாவின் மிரட்டலைத் தெரிந்துகொண்டே, பிள்ளைகள் உயிரோடு இருந்து மணப்பதைக் காட்டுகிறது. துயர நாடகம் நம் கண்ணீரைக் கேட்கிறது. இன்பியல் நாடகம் தகப்பனின் பிடிவாதம் தோற்பதை ஊர் நடுவில் வைத்துக் கற்பனை செய்துபார்க்கிறது. துரத்தி வந்த நம்பிராசன் கைப்பிடித்துக் கொடுத்த திருத்தணிக் கதை சொல்வதும் இதையே.

எனவே பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் ஆவடியிலும் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவ மாணவிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோல்ட்ஸ்மித்தையும் வைல்டையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடாதீர்கள். கேட் ஹார்ட்காஸ்டிலைக் கம்பெனி கேன்டீனில் நிறுத்துங்கள். லேடி பிராக்னெலைத் தாம்பாளத் தட்டுக்கு எதிரே பாய் விரித்து உட்காரவையுங்கள். மில்லமென்டின் நிபந்தனைகளை உங்கள் அக்காவின் வாயில், வடக்குத் திருவள்ளூர்ப் பேச்சில், பாதித் தெலுங்கு கலந்து எழுதுங்கள். கல்லூரி விழா மேடையில் அரைமணி நேரம் கிடைத்தாலும் போதும். பெண் வேடத்தைப் பெண்ணே போடட்டும், முதல் வரிசையில் அப்பாக்களை உட்காரவையுங்கள்.